நீரிழிவு: கண்ணும் சிறுநீரகமும் வலியின்றிப் பழுதடையும் விதம்

நீரிழிவு நோயால் கண்களும் சிறுநீரகங்களும் பாதிக்கப்படுவது புதிய செய்தியல்ல. ஆனால் அப்பாதிப்பு தொடங்கும்போது வலியோ, பார்வைக் குறைவோ தென்படுவதில்லை என்பதே இதிலுள்ள பேராபத்து.

இரத்தத்தில் சர்க்கரையின் அளவு நெடுங்காலம் மிகுந்திருந்தால் நுண்ணிய இரத்த நாளங்கள் சேதமடைகின்றன. இத்தகைய நாளங்கள் விழித்திரையிலும், சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலும் நிறைந்துள்ளன. ஆகவே ஒன்றில் பழுது காணப்பட்டால் மற்றதையும் சோதிப்பது அவசியமாகிறது.

விழித்திரை நாளங்களில் கசிவு ஏற்பட்ட பின்னரும் பார்வை தெளிவாகவே இருக்கலாம். லேசர் சிகிச்சையும், கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசி மருந்துகளும் பார்வை இழப்பைப் பெருமளவு தடுக்க வல்லவை. எனினும், இழந்த பார்வையை லேசர் சிகிச்சை பொதுவாக மீட்டுத் தருவதில்லை. மூக்குக் கண்ணாடிக்காகச் செய்யப்படும் பரிசோதனை, விழித்திரைப் பரிசோதனைக்கு ஈடாகாது.

சிறுநீரகப் பாதிப்பின் முதல் அடையாளம், அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் சிறிதளவு வெளியேறுவது. சிறுநீரில் சர்க்கரை உள்ளதா எனப் பார்க்கும் சோதனையில் இது தெரியவராது. இதற்கெனத் தனியாக அல்புமின் சோதனையும், இரத்தத்தில் கிரியேட்டினின் சோதனையும் ஆண்டுதோறும் செய்யப்பட வேண்டும். இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதுடன், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளும் சிறுநீரகச் சிதைவைத் தாமதப்படுத்துகின்றன.

உறக்கத்துக்கும் இதில் பங்குண்டு. சர்க்கரை மிகும்போது இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்கிறது. உறக்கம் குறைந்தால் இன்சுலினின் செயல்திறனும் குறைகிறது. பலத்த குறட்டையும் பகல்நேரத் தூக்கமும் இருந்தால், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உள்ளதா என மருத்துவரிடம் கேட்பது நல்லது.

முன்கூட்டிய பரிசோதனையின் பயனுக்கு இங்கிலாந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்கு 12 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளை அழைத்து விழித்திரையைப் படமெடுக்கும் தேசியத் திட்டம் 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு நீரிழிவு விழித்திரை நோய் முதன்மைக் காரணமாக இருந்த நிலை, குறைந்தது 50 ஆண்டுகளில் முதன்முறையாக மாறிவிட்டதாக 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. பரிசோதனைத் திட்டமும், சர்க்கரைக் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட முன்னேற்றமும் இதற்குக் காரணமாகியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

தமிழர் உள்ளிட்ட தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஐரோப்பியரைவிட இளவயதிலேயே, குறைந்த உடல் எடையிலேயே வருவதுண்டு. இளவயதில் வரும் நோய் உறுப்புகளைப் பல ஆண்டுகள் தாக்குகிறது. எனவே, எந்த நாட்டில் வாழ்ந்தாலும், பரிசோதனைக்கு அழைப்புக் கடிதம் வராவிடில், நோயாளி தாமாகவே மருத்துவரிடம் கேட்டுப் பெறவேண்டியவை இவை.