வெயில் மறைக்கும் நோய்: அக்குள் மிகைவியர்வையும் வெப்ப நாட்டு மருத்துவமும்

தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் வியர்க்காத உடம்பே கிடையாது. ஆகவே அக்குளில் அளவுக்கு மீறி வேர்க்கிறது என்று ஒருவர் குறைபட்டால், யாருக்குத்தான் வேர்க்கவில்லை என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. வீட்டாரும் மருந்துக்கடைக்காரரும் சொல்லும் இப்பதிலைச் சில வேளைகளில் மருத்துவரும் சொல்லிவிடுகிறார். இது தவறான பதில் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அக்குள் மிகைவியர்வை நரம்பு சார்ந்த ஒரு கோளாறு. அதைக் கண்டறிய வரையறை உண்டு, கட்டுப்படுத்த மருந்தும் உண்டு. வெப்ப நாட்டில் பருவநிலையே அதற்குத் திரையாகிவிடுகிறது. அத்துடன், குளிர் நாடுகளில் வகுக்கப்பட்ட அளவுகோல்களையும் சிகிச்சை வரிசையையும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஏற்பத் திருத்தாமல் அப்படியே எடுத்தாள முடியாது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகிறது.

மனித உடலில் 20 முதல் 40 லட்சம் வரை நீர்வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றை இயக்குவது பரிவு நரம்பு மண்டலம். நரம்பு முனையில் வெளிப்படும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரப்பியைச் சுரக்க வைக்கிறது. இந்த இயக்கத்துக்கு இரண்டு தூண்டுதல்கள் உண்டு. உடல் வெப்பம் ஏறும்போது மார்பு, முதுகு, நெற்றி என எங்கும் வியர்க்கிறது. பதற்றமும் மன அழுத்தமும் வரும்போது உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் ஆகிய இடங்களே முதலில் நனைகின்றன. அக்குள் இவ்விரண்டு தூண்டுதல்களுக்கும் வசப்பட்ட இடம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குழப்பம் தொடங்குவது இங்கேதான். மிகைவியர்வை உள்ளவரின் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் சுரப்பிகளின் எண்ணிக்கையும் அளவும் மற்றவர்களுக்கு உள்ளது போலவே இருக்கும். நரம்பு அனுப்பும் கட்டளைதான் தேவைக்கு மிஞ்சிப் போகிறது. இதில் குளிக்காத குற்றமும் இல்லை, மக்கள் சொல்லும் 'உடம்புச் சூடும்' இல்லை.

நாற்றம் வேறு, நனைவு வேறு. நீர்வியர்வைக்குப் பெரும்பாலும் மணமே கிடையாது. அக்குளில் மயிர்க்கால்களை ஒட்டியுள்ள வேறொரு வகைச் சுரப்பியின் கொழுப்புச் சத்துள்ள சுரப்பைத் தோல்மேல் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி வெட்கத்தைச் சரக்காக்கியதில் விளம்பரத் தொழிலுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், தன் கைகள் வியர்க்காதிருக்க ஓர் அறுவை மருத்துவர் உருவாக்கிய கரைசலை அவர் மகள் எட்னா மர்ஃபி 'ஓடரோனோ' என்ற பெயரில் அக்குளுக்கென விற்றார். 1912இல் அட்லாண்டிக் நகரக் கண்காட்சி ஒன்றில்தான் அது பரவலாக அறிமுகமாயிற்று. 1919இல் ஜேம்ஸ் யங் என்ற விளம்பர எழுத்தாளர், பெண்ணின் அக்குள் வாடையை அவள் அறியாமலே பிறர் பேசிக்கொள்கிறார்கள் என்ற அச்சத்தை ஒரு மகளிர் இதழில் முழு விளம்பரமாக்கினார். முகஞ்சுளித்த வாசகர்கள் பலர் சந்தாவை நிறுத்தினார்கள், விற்பனையோ ஏறியது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. நம் கடைகளில் அடுக்கியிருக்கும் வாசனைத் தெளிப்பான்களில் பெரும்பாலானவை வாடையை மறைப்பவை. வியர்வையை நிறுத்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. நனைவுக்கு மருந்து தேடி வருபவர் மணத்தை வாங்கிக்கொண்டு போகிறார், பலன் காணாமல் இன்னொரு புட்டி வாங்குகிறார், கடைசியில் தன் உடம்பையே குறை சொல்லிக்கொள்கிறார்.

நோயைக் கண்டறியும் வரையறை

2004இல் ஜான் ஹார்ன்பெர்கர் தலைமையிலான அமெரிக்க மருத்துவர் குழு வெளியிட்ட வரையறையே இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. வெளிப்படையான காரணமின்றி, கண்ணுக்குத் தெரியுமளவு மிகையான வியர்வை ஓரிடத்தில் குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும். கூடவே பின்வருவனவற்றுள் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில் வியர்ப்பது, அன்றாட வேலைக்கு இடையூறாவது, வாரத்துக்கு ஒரு முறையாவது நேர்வது, 25 வயதுக்கு முன் தொடங்குவது, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருப்பது, உறக்கத்தில் நின்றுபோவது.

இந்த வரையறையில் வியர்வையின் எடை இடம்பெறவில்லை. மருந்து ஆய்வுகள் எடை பார்ப்பதுண்டு. அக்குளில் வடிதாளை வைத்து, அறை வெப்பநிலையில் 5 நிமிடத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஊறினால் ஆய்வில் சேர்ப்பது ஒரு வழக்கம். ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் அறை வெப்பநிலையும் மே மாதச் சென்னையில் ஓட்டுவீட்டின் அறை வெப்பநிலையும் ஒன்றாகா. எடையை மட்டும் நம்பினால், ஒன்று தெருவில் போகிற எல்லோரும் நோயாளி ஆவார்கள், அல்லது எவருமே ஆக மாட்டார்கள். ஆகவே எவ்வளவு என்று கேட்பதை விடுத்து, எப்போது, எங்கே என்று கேட்பதே நமக்குப் பொருந்தும். மார்கழிக் காலையிலும் நனைகிறதா? குளிரூட்டிய அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நனைகிறதா? மார்பும் முதுகும் உலர்ந்திருக்க அக்குள் மட்டும் சொட்டுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அங்கே வெயிலுக்கு வேலையில்லை. உறக்கம் பற்றிய கூறையும் சற்றுத் திருத்தி வாசிக்க வேண்டும். மின்சாரம் போன இரவில் உறங்குபவருக்கும் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் கழுத்திலும் முதுகிலும் வியர்க்கும் அளவுக்குத்தான் அக்குளிலும் வியர்க்கும். பகலில் அங்கே காணும் தனி மிகுதி உறக்கத்தில் தோன்றாது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். இயல்பான ஒன்றை நோயாக்கி மருந்து நிறுவனங்களுக்கு வழி திறப்பதாகாதா? ஓடரோனோவின் வரலாற்றைப் பார்த்தவர் இக்கேள்வியை எளிதாக ஒதுக்க முடியாது. ஆனால் மேற்சொன்ன வரையறை கூட்டத்தை விரிக்கவில்லை, சுருக்குகிறது. 2004இல் வெளியான அமெரிக்க வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்றில் 2.8 விழுக்காட்டினருக்கு மிகைவியர்வை இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அக்குளில். மிகைவியர்வை உள்ளவர்களில் 38 விழுக்காட்டினரே மருத்துவரிடம் அதைப் பேசியிருந்தார்கள். வெயிலைக் காரணம் காட்ட வாய்ப்புக் குறைந்த நாட்டிலேயே மௌனம் இவ்வளவு என்றால், இங்கே அது எவ்வளவு தடித்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

இன்னொரு திசையிலும் கவனம் வேண்டும். பின்வயதில் திடீரெனத் தொடங்கி உடல் முழுதும் வியர்த்தால் தைராய்டு மிகைச் சுரப்பு, சர்க்கரை நோயாளியின் குருதியில் சர்க்கரை இறங்குவது, மாதவிடாய் நிற்கும் பருவம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். இரவில் படுக்கை நனைய வியர்த்து, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால், நம் நாட்டில் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். இவர்களை அக்குள் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவது பெரும் பிழை.

அயோடின்–மாவுச் சோதனை

எங்கே சுரக்கிறது என்று காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. விக்டர் மைனர் என்ற நரம்பியல் மருத்துவர் 1920களில் வெளியிட்டது. அக்குளை மழித்துத் துடைத்து உலரவிட்டு, அயோடின் கரைசலைத் தடவுகிறார்கள். தோல் பழுப்பாகிறது. அது காய்ந்ததும் மாவுப்பொடியை மெல்லத் தூவுகிறார்கள். சற்று நேரம் வெண்மை அப்படியே இருக்கும். பிறகு ஊசிமுனை அளவில் ஒரு கருநீலப் புள்ளி தோன்றும், பக்கத்தில் இன்னொன்று, அவை சேர்ந்து திட்டாகும். பள்ளி ஆய்வகத்தில் சோற்றுக்கஞ்சியில் அயோடின் விட்டபோது கண்ட அதே வினைதான். தோல் ஒவ்வாமை இல்லாதவருக்குச் சிறு மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம், பெருஞ்செலவு இல்லை. தன் உடம்பில் நடப்பது கற்பனையல்ல என்று நோயாளி கண்ணால் பார்ப்பது சிகிச்சையின் முதல் படி என்றே கருதுகிறேன்.

மருந்துகளின் வரிசை

நம் முடிதிருத்தகங்களில் மழித்த முகத்தில் தேய்க்கும் படிகாரக் கல் ஓர் அலுமினிய உப்பு. அதைக் குளித்தபின் அக்குளில் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. பாக்டீரியாவை அடக்கி வாடையைக் குறைக்க அது உதவும். வியர்வையை நிறுத்தும் வலிமை அதற்குப் போதாது. மருத்துவம் முதலில் கையில் எடுப்பதும் அலுமினிய உப்பைத்தான், ஆனால் வேறு வடிவில்: 20 விழுக்காடு அலுமினியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட், ஆல்கஹாலில் கரைத்தது. அது வியர்வைக் குழாயின் மேல்முனையில் படிந்து அடைப்பை உண்டாக்குகிறது. 1978இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில் 65 பேருக்கு இதைத் தந்தபோது 64 பேருக்கு வியர்வை நன்றாகக் கட்டுப்பட்டது. எல்லா ஆய்வும் இவ்வளவு சிறந்த பலனைக் காட்டவில்லை என்றாலும், மலிவான இம்மருந்தே இன்றும் முதல் படி.

பின் ஏன் பலரும் 'போட்டுப் பார்த்தேன், எரிந்தது, விட்டுவிட்டேன்' என்கிறார்கள்? ஈரத் தோலில் பூசுவதுதான் முதற்காரணம். அலுமினியம் குளோரைடு நீருடன் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். எரிச்சலுக்கு அதுவே மூலம். காலையில் குளித்துவிட்டு, துவட்டியும் துவட்டாமலும் பூசிக்கொண்டு வேலைக்கு ஓடுபவருக்கு மருந்தும் வேலை செய்யாது, தோலும் வெந்துபோகும். சுரப்பி அடங்கியிருக்கும் இரவில்தான் உப்பு குழாய்க்குள் தங்க முடியும். ஆகவே படுக்கப்போகுமுன் பூச வேண்டும். புழுக்கமான வீட்டில் இதற்கு ஒரு முன்னேற்பாடு தேவை: மின்விசிறிக்கு நேரே கையைத் தூக்கிவைத்து அக்குளை முற்றிலும் உலரவிட்டு, மெல்லப் பூசி, மருந்தும் காய்ந்த பிறகே உடுத்த வேண்டும். 6 முதல் 8 மணி நேரம் கழித்துக் காலையில் கழுவிவிட வேண்டும். மழித்த அன்றும் மறுநாளும் பூசக்கூடாது. நனைவு அடங்கும்வரை தினமும், அடங்கியபின் வாரம் ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ போதும். எரிச்சல் வந்தால் இடைவெளி விட்டு, மருத்துவர் சொற்படி மென்மையான ஸ்டீராய்டு களிம்பு தடவலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் தேய்ப்பது தோலைப் புண்ணாக்குமே தவிர வியர்வையை நிறுத்தாது.

அடைத்தால் சூடு உள்ளே தங்கிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. உடலைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதே. அக்குளோ காற்றுப் படாத மடிப்பு. உடற்பரப்பில் மிகச் சிறு பகுதி. அங்கே சுரப்பது பெரும்பாலும் துணியில்தான் ஊறுகிறது.

மாத்திரைகளின் கதை வேறு. கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் போன்றவை அசிடைல்கோலினின் வேலையை உடல் முழுதும் தடுக்கின்றன. வாய் உலர்வு, மலச்சிக்கல், மங்கல் பார்வை ஆகியவை தெரிந்த பக்க விளைவுகள். குளிர் நாட்டு அலுவலகப் பணியாளருக்கு அவை தொல்லை மட்டுமே. வெயிலில் கல் சுமக்கும் கட்டடத் தொழிலாளிக்கு உடல் முழுதும் வியர்வை குறைவது வெப்பத்தாக்குக்கு இட்டுச்செல்லும் ஆபத்து. அவருக்கு இம்மாத்திரையை எழுதும் முன் அவர் செய்யும் வேலை என்ன என்று கேட்பது கட்டாயம்.

அறுவைச் சிகிச்சையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். மார்புக்குள் பரிவு நரம்பைத் துண்டித்தால் கையும் அக்குளும் உலரும். ஆனால் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் ஈடுசெய் வியர்வை கொட்டத் தொடங்குகிறது. துண்டித்த நரம்பை மீட்பது அரிது. நம்மைப் போலவே புழுக்கம் மிகுந்த தைவான், 2004இல் 20 வயதுக்குட்பட்டோருக்கு இவ்வறுவையைத் தடை செய்தது. அக்குள் வியர்வைக்காக மட்டும் இதை நாடுவது இங்கே ஏற்கத் தக்கதல்ல என்பதே என் முடிவு.

பூச்சுக்கும் அறுவைக்கும் இடையில் உள்ளது போட்டுலினம் நச்சு ஊசி. ஒவ்வோர் அக்குளிலும் தோலுக்குள் 50 அலகு, பல புள்ளிகளில். அசிடைல்கோலின் வெளிவருவதையே அது அந்த இடத்தில் மட்டும் நிறுத்துகிறது. பலன் 6, 7 மாதம் நிற்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. வெப்ப நாட்டுக்கு இது பாதுகாப்பானது, ஆனால் விலை சாமானியருக்கு எட்டாது. நுண்ணலையால் சுரப்பியைச் சுட்டழிக்கும் கருவிமுறையும் அப்படியே.

நோயின் சுமை வேலையிடத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. துணிக்கடையில் மேலடுக்கிலிருந்து புடவையை எடுக்கக் கை தூக்கும் விற்பனைப் பெண், கரும்பலகையின் உச்சியில் எழுதும் ஆசிரியை, பேருந்தில் கம்பியைப் பிடிக்கத் தயங்கும் கல்லூரி மாணவன் ஆகியோர் கையை விலாவோடு ஒட்டியே வைத்துப் பழகிவிடுகிறார்கள். தையற்காரரிடம் கைக்குழியைத் தளர்த்தி வெட்டச் சொல்லி, உள்ளே கழற்றித் துவைக்கும்படி இரட்டைப் பருத்தித் துணி வைத்துக்கொள்வது பழைய உபாயம். இன்றும் நல்ல உபாயம். ஆனால் பாலியெஸ்டர் சீருடை அணியக் கட்டாயப்படுத்தும் கடையில் அதற்கும் வழியில்லை. பாலியெஸ்டரில் வாடை பருத்தியைவிடக் கூடுதலாகத் தங்குவதை 2014இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. சீருடைத் துணியும் அதே அக்கறைக்குள் வர வேண்டும்.

உடனே செய்யக்கூடிய ஒன்றைத் தோல் மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வேண்டுகோளாக வைக்கிறேன். அலுமினியம் குளோரைடு கரைசலின் புட்டியோடு வரும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. படுக்கும் முன் பூசுக, முற்றிலும் உலர்ந்த தோலில் மட்டும் பூசுக, காலையில் கழுவுக, மழித்த அன்றும் மறுநாளும் பூசாதீர். இந்த நான்கு வரிகளைத் தமிழில் எழுதி, மருந்துச் சீட்டோடு நோயாளியின் கையில் கொடுங்கள்.