எழுத்துருப் பூட்டும் பொதுக் குறியீடும்: தமிழ்க் கணினிப் பயனரின் இடர்ப்பாடுகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

1980களின் நடுப்பகுதி முதல் ஒருங்குறி பரவலாகும் வரை, தமிழில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகளுள் பல தனியார் எழுத்துருக் குறியீடுகளைச் சார்ந்திருந்தன. அதனால் எழுதியவருக்கே தம் எழுத்து எட்டாமற்போன நிலையையும், பொதுவில் வெளியிடப்பட்ட குறியீடுகள் அதனை மாற்றிய முறையையும் மதுரைத் திட்டத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, குறியீடு, திஸ்கி, ஒருங்குறி, மதுரைத் திட்டம், பதிப்புரிமை.

முன்னுரை

வைகையின் வடகரையில் உள்ள செல்லூர், கைத்தறி நெசவால் அறியப்பட்ட பகுதி. அங்கிருந்த கணினி அச்சு நிலையம் ஒன்றில் இக்கட்டுரையாளரின் ஆய்வேடு தட்டச்சு செய்யப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் அதனை நூலாக்க முயன்றபோது, கோப்பு திறந்தது, தமிழ் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே திரையில் நிறைந்தன. நிலையம் மூடப்பட்டிருந்தது, அங்குப் பயன்பட்ட எழுத்துருவும் கிடைக்கவில்லை. முடிவில், அச்சுப்படியைப் பார்த்து முழு ஆய்வேட்டையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. ஆய்வாளர் பலரும் அறிந்த இவ்வனுபவத்திற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு.

எழுத்துருவே பூட்டாதல்

அக்காலக் கணினிகளில் ஓர் எழுத்துருவிற்கு 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் உரியவை. தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியே வைக்க இடமில்லாமையால், கொம்பு, கால் முதலிய வடிவத் துண்டுகள் வெவ்வேறு இடங்களில் அமைக்கப்பட்டன. எத்துண்டு எவ்விடத்தில் அமையவேண்டும் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே முடிவு செய்தனர்.

ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். கோப்பிலுள்ள குறி எதுவும் அழிந்ததில்லை. அதற்குப் பொருள் தரும் அட்டவணையே இல்லை.

குறியை மாற்றியமைப்பதும் எளிதன்று. ‘கொ’ என்பது இவ்வகைக் குறியீடுகளில் கொம்பு, ககரம், கால் எனப் பார்வை வரிசையில் பதிவாகிறது. ஒருங்குறியிலோ ககரத்தைத் தொடர்ந்து ஒகர உயிர்க்குறி வருகிறது. எனவே வரிசையையும் மாற்றியாக வேண்டும். அட்டவணையைத் தயாரிப்பாளர் வெளியிடாதபோது, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு ஊகிப்பதன்றி வேறு வழியில்லை. டாங்கிள் எனப்படும் வன்பூட்டு பொருத்தப்பட்டால் மட்டுமே இயங்கிய பதிப்பு மென்பொருள்களில் இத்துன்பம் இரட்டித்தது.

பொதுக் குறியீட்டை நோக்கி

உலகெங்கும் உள்ள தமிழார்வலர் மின்னஞ்சல் வழி விவாதித்து உருவாக்கிய திஸ்கி, ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியிலும் தமிழை மேற்பாதியிலும் வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் ஆகிய குறியீடுகளையும் ஏற்றது. முன்னதாக 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எனினும் விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வந்த பின்னரே அது சாதாரணப் பயனரின் கைக்கு எட்டியது.

ஒருங்குறியும் மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. தூய மெய்யெழுத்துக்கு இரண்டு குறிகள் வேண்டியிருப்பது தமிழ் இலக்கண மரபுக்கு ஒவ்வாதது என்னும் வாதம் எழுந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓரிடம் தரும் டேஸ்16 குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்றது. பொதுக் குறியீட்டின் குறையை இவ்வாறு வெளிப்படையாக விவாதிக்க முடிந்தது. மறைக்கப்பட்ட அட்டவணையின் குறையை அறியவே வழியில்லை.

மதுரைத் திட்டம் தரும் சான்று

1971இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பெர்க் திட்டம், எக்கணினியிலும் திறக்கும் எளிய ஆங்கில உரையை நம்பி வளர்ந்தது. 1998 பொங்கல் நாளன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில் தொடங்கிய மதுரைத் திட்டத்திற்கு அந்த வசதி இல்லை. ‘எளிய தமிழ் உரை’ என அனைவரும் ஏற்ற ஒன்று அப்போது கிடையாது. மயிலை என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கியிருந்த அவர், குறியீட்டுச் சிக்கலை நேரில் அறிந்தவர்.

சங்கம் வளர்த்த நகரின் பெயர் தாங்கிய இத்திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர் பதிப்புரிமைத் தடையற்ற நூல்களைத் தட்டச்சு செய்தனர். முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் அவற்றைப் பகிரலாம். திஸ்கியில் அமைந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. திஸ்கியின் அட்டவணை அனைவருக்கும் தெரிந்திருந்ததால், நூல்களை மீண்டும் தட்டச்சு செய்யாமலே மாற்ற இயன்றது. அதே காலத்தில் தனியார் எழுத்துருவில் உருவான ஆய்வேடுகளுக்கும் மலர்களுக்கும் இந்த வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை.

சட்டத்தின் நிலை

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கிறது. சட்டம் தடுக்காத நோக்கங்களுக்கு அப்பிரிவே விலக்கும் அளிக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் திறவுகோலைப் பயனருக்குத் தரவேண்டும் என்னும் கடமையை அது விதிக்கவில்லை. தம் உரையின் மீது முழு உரிமை உடையவரும் அதனைப் படிக்க வழியின்றி நிற்கக்கூடும்.

முடிவுரை

ஏட்டுச்சுவடியைச் செல்லரித்தால் எழுத்தே அழியும். எழுத்துருப் பூட்டிலோ எழுத்து இருந்தும் பொருள் மறைகிறது. பின்னதை மீட்க இன்னும் வாய்ப்பு உண்டு. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம்மிடமுள்ள பழைய கோப்புகளையும், அவற்றுக்குரிய எழுத்துருக்களின் பெயரையும் படியையும் ஒருங்கே சேமித்தல் வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றிய உரையை அச்சுப்படியுடன் ஒப்புநோக்குதலும் இன்றியமையாதது. அச்சு நிலையங்களின் பழைய கணினிகளோடு அந்த எழுத்துருக்களும் மறையுமுன் இப்பணி தொடங்கப்பட வேண்டும்.