நெஞ்செரிச்சல்

நெஞ்செரிச்சல் என்பது இரைப்பையிலுள்ள அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவதால் மார்பெலும்பின் பின்புறம் உண்டாகும் எரிவுணர்வு ஆகும். பெயரில் நெஞ்சு இருப்பினும் இது இதயத்தின் கோளாறு அன்று. அடிக்கடி ஏற்பட்டுத் தொல்லை தருமாயின் இரைப்பை உணவுக்குழாய்ப் பின்னோட்ட நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

தோன்றும் விதம்

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் வளையம் போன்ற சுருக்குத்தசை ஒன்று உள்ளது. விழுங்கும்போது திறக்கும் இது, உணவு இறங்கியதும் மூடிக்கொள்ளும். இத்தசை தளர்ந்தாலோ, தேவையற்ற நேரத்தில் திறந்தாலோ அமிலம் மேலேறும். இரைப்பையின் உட்சுவரைத் தடித்த சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லாமையால் அங்கு எரிச்சல் உண்டாகிறது.

தூண்டும் காரணிகள்

* வயிறு நிரம்ப உண்ணுதல், உண்டவுடன் படுத்தல்
* கொழுப்பு மிகுந்த உணவு, காப்பி, சாக்கலேட்டு, மது
* புகைபிடித்தல்
* உடற்பருமன், கருவுற்றிருத்தல்

கட்டுப்படுத்தும் முறைகள்

இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே 2 முதல் 3 மணி நேர இடைவெளி தேவை. கட்டிலின் தலைப்பக்கக் கால்களை 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது பயன் தரும். தலையணைகளை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடக்கூடும். இடப்பக்கமாகப் படுக்கும்போது இரைப்பை, உணவுக்குழாயின் வாயிலுக்குக் கீழே அமைவதால் அமிலம் மேலேறுவது குறைகிறது.

மருந்துகள்

மக்னீசியம் ஐதராக்சைடு போன்ற அமிலமுறிகள் ஏற்கனவே சுரந்த அமிலத்தை நடுநிலையாக்குகின்றன. விரைவில் பலன் தந்தாலும் அது நீடிப்பதில்லை. ஃபமோட்டிடின் அமிலச் சுரப்பைக் குறைக்கிறது. 1988இல் விற்பனைக்கு வந்த ஒமிப்ரசோல், அமிலத்தைச் சுரக்கும் புரதத்தையே தடுக்கிறது. இதனை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் உட்கொள்ள வேண்டும். மருத்துவ ஆலோசனையின்றி நீண்டகாலம் பயன்படுத்தலாகாது.

மாரடைப்புடன் குழப்பம்

மாரடைப்பின் வலியும் எரிச்சலாகவோ வாயுத் தொல்லையாகவோ உணரப்படலாம். வலி கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவினாலோ, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன சேர்ந்தாலோ உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அமிலமுறியால் வலி தணிந்தது என்பது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மருத்துவரை நாட வேண்டிய பிற அறிகுறிகள்

விழுங்குவதில் சிரமம், காரணமற்ற எடையிழப்பு ஆகியவற்றுக்குத் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். இரத்த வாந்தியும் கருநிற மலமும் உட்குருதிப்பெருக்கைக் காட்டக்கூடும் என்பதால் அவற்றுக்கு உடனடி அவசர சிகிச்சை தேவை. பல்லாண்டு தொடரும் பின்னோட்டம் சிலருக்கு உணவுக்குழாயின் உட்சுவரை மாற்றி, புற்றுநோய்க்கான வாய்ப்பை அதிகரிக்கிறது.