எண்ணப்படாத கூடுகள்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊர்க் கண்ணெல்லாம் அருவி மேல். சம்சாரி கண் மட்டும் குளத்தின் மேல். சிற்றாற்றுத் தண்ணி கால்வாய் வழியே தென்காசிக் குளங்களை நிறைக்கிறது. அங்கே முட்டையிடும் பறவைகள் யார் கணக்கில் வருகின்றன?

பாதுகாப்புக்கு ஆதியில் கணக்கு தேவைப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுடுகிறார்கள் என்று வேடந்தாங்கல் மக்கள் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமை எழுதிக்கொடுத்தார். எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்ற அனுபவ அறிவே அதற்குப் போதுமான நியாயம்.

தென்காசி 2019 வரை சேர்ந்திருந்த நெல்லை மாவட்டத்தில் கூந்தன்குளமும் அப்படித்தான். வீட்டு மரத்தில் கட்டிய கூட்டை ஊர்க்காரர்கள் கலைப்பதில்லை. அங்கே கூழைக்கடா கூடு கட்டுவதை ரேனியஸ் என்பவர் 1907இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பதிவுசெய்தார். 1994இல் அது சரணாலயம். பின்னர் ராம்சர் தலம். ஊர் காத்ததை அரசு பிற்பாடு அங்கீகரித்தது எனலாம்.

எண்ணுவது 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு பரவலாயிற்று. தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் தன்னார்வலர்கள் ஜனவரியில் குளம் குளமாய்ப் போகிறார்கள். அரிய உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது தலைகளின் கணக்கு. வடக்கேயிருந்து வந்த வாத்தும் இங்கேயே பிறந்த வாத்தும் அதில் ஒன்றுதான்.

இனப்பெருக்கத்தை அறிய வேண்டுமானால் கூட்டை எண்ண வேண்டும். பறவை உட்கார்ந்திருக்கும் ஒரு கூடு, ஒரு ஜோடி. எல்லா ஜோடியும் ஒரே நாளில் கட்டுவதில்லை. ஆகவே ஒருமுறை எண்ணினால் குறைவாகவே வரும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். மரத்தில் கட்டும் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இது நடக்கும். சம்பங்கோரைக்குள் கட்டும் தாழைக்கோழியை என்ன செய்வது? புகுந்து தேடினால் கூடு கலையும். கேட்ட குரலையும் கண்ட குஞ்சுகளையும் வைத்து மதிப்பிடத்தான் முடியும்.

இங்கேதான் அரசியல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கூடு எண்ணாகிறது; எண் சரணாலயமாகிறது. கோரைக்குள் மறைந்த கூடு எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. ஆனால் குளத்துக் கருவேல மரத்துக்கும் மீனுக்கும் கணக்கு உண்டு, ஏலமும் உண்டு. மரம் வெட்டும் நாளில் கூட்டுக்காக வாதாட ஒரு தாளாவது வேண்டாமா?

எண்ணை ஒதுக்கச் சொல்லவில்லை. யார் எண்ணுவது என்றுதான் கேட்கிறேன். வருஷம் பூராவும் கரையில் நிற்பவர்கள் மடை திறக்கிறவரும் ஆடு மேய்க்கிறவரும். எந்தக் கோரையில் எப்போது குஞ்சு பொரித்தது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு ஜனவரிப் படிவத்துக்குள் வராதவரை, நம் கணக்கு பாதிக் கணக்குதான்.