நூறிலிருந்து ஏழு போனால்?

‘நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள். வர்ற விடையிலிருந்து மறுபடி ஏழு... மறுபடி ஏழு!’

கடையில் கணக்கு எழுதியவர் சட்டென்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடமே போகாத பாட்டி?

இந்தக் கேள்வி இடம்பெற்ற தாள் வெளியானது 1975-ல். வயதானவர்களின் ஞாபகத்தை அளக்க அதுவரை இருந்த சோதனைகள் நீளமோ நீளம். பாதியிலேயே நோயாளி களைத்துப்போவார். அமெரிக்க டாக்டர்கள் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ மூவரும் அதைச் சுருக்கினார்கள். மொத்தம் 30 மார்க், பத்தே நிமிடம்! எழுபதுகளில் அமெரிக்காவிலும் எண்பதுகளில் பிரிட்டனிலும் முளைத்த ‘மெமரி கிளினிக்’குகளுக்கு இது பெரிய வசதி. வரிசை மளமளவென்று நகர்ந்தது.

ஆனால், ஒரு சிக்கல். ‘ஒரு வாக்கியம் எழுதுங்கள்’ என்றும் அதில் உண்டு. கைநாட்டுக்காரர் அதில் தோற்றால் மறதி நோய் என்று முத்திரை குத்திவிடலாமா?

டெல்லிக்குப் பக்கத்தில், ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்த இந்திய - அமெரிக்கக் குழு, கேள்வியையே மாற்றியது. வாக்கியத்தை எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும். ‘கண்ணை மூடுங்கள்’ என்ற அட்டையைப் படிக்க வேண்டாம், எதிரே இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் சரி. இந்த இந்திச் சோதனை 1995-ல் வெளியானது.

சோதனையைச் சுருக்கி நிமிடங்களை மிச்சம் பிடித்தாயிற்று. அந்த நிமிடங்கள் யாருக்கு? ‘அடுப்பை அணைக்க மறக்கிறாங்களா? தெரிஞ்ச தெருவுலயே வழி தவறுறாங்களா?’ என்று வீட்டாரிடம் விசாரிக்கத்தான். பாட்டி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான். மார்க்கை மட்டும் பார்த்து, ‘அடுத்த ஆள்!’ என்று கூப்பிட்டால், மிச்சம் பிடித்ததெல்லாம் வீண்!