லான்செற் சஞ்சிகையும் அதன் ஆசிரியர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவச் சஞ்சிகை ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதிலே வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரைகளை நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுதல் பெருவழக்காகும். அக்கட்டுரைகளைத் தெரிந்தெடுத்தவர் யார், அவர் எவருக்குப் பொறுப்புடையவராயிருந்தார், அவர் நீங்கியபோது அவ்விடத்துக்கு வந்தவர் எவ்வழியாக வந்தார் ஆகிய வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களை ஆராய்வதற்கு இலண்டனிலிருந்து 1823ஆம் ஆண்டு முதல் வெளிவரும் லான்செற் வாரச் சஞ்சிகை மிகப் பொருத்தமான சான்றாகும்.

லான்செற்றின் முதலிதழ் 1823 ஒக்ரோபர் 5ஆம் திகதி வெளிவந்தது. அதன் விலை ஆறு பென்ஸ். அதனைத் தொடங்கிய தோமஸ் வேக்லி அப்போது இருபத்தெட்டு வயதினரான சத்திரசிகிச்சை மருத்துவர். லான்செற் என்னும் ஆங்கிலச் சொல் சத்திரசிகிச்சைக்குரிய சிறுகத்தியையும், ஒளியை உள்ளே விடும் கூர்முனைச் சாளரத்தையும் ஒருங்கே குறிப்பது. அக்காலத்து இலண்டன் வைத்தியசாலைகளில் உயர்பதவிகள் உறவினருக்கும், பெருந்தொகை கொடுத்துப் பயில வந்த மாணவருக்குமே பெரிதும் கிட்டின. விரிவுரைகளைக் கேட்பதற்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இந்நிலையில் அஸ்ற்லி கூப்பரின் விரிவுரைகளை வேக்லி தமது சஞ்சிகையில் அச்சிட்டு, ஆறு பென்ஸ் கொடுக்கக்கூடிய எவருக்கும் கிடைக்கச் செய்தார். கூப்பர் முதலில் எதிர்த்தபோதிலும், தமது பெயரை நீக்கி வெளியிடுவதற்குப் பின்னர் உடன்பட்டார். ஜோன் அபர்னெதி என்னும் மற்றொரு விரிவுரையாளரோ நீதிமன்றத்தை நாடினார். எனினும் விரிவுரைகளின் வெளியீட்டை நிரந்தரமாகத் தடுத்து நிறுத்த அவரால் இயலவில்லை.

1828இல் நிகழ்ந்த வழக்கு இதனினும் கடுமையானது. கூப்பரின் சகோதரர் மகனான பிரான்ஸ்பி கூப்பர், கைஸ் வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்ற முனைந்தபோது சத்திரசிகிச்சை ஏறக்குறைய ஒரு மணிநேரம் நீடித்தது. நோயாளி மறுநாள் இறந்தார். தகுதியினாலன்றி உறவினாலேயே அவர் அப்பதவியைப் பெற்றார் என லான்செற் எழுதியது. அவர் 2,000 பவுண் நட்டஈடு கோரினார். நடுவர் குழு 100 பவுண் மட்டுமே வழங்கத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் பார்வையில் வேக்லி தோற்றார். பொதுமக்கள் பார்வையில் வென்றார். வழக்குச் செலவை ஈடுசெய்தது ஆதரவாளர்கள் திரட்டிய நிதியே.

வேக்லி இவ்வளவு துணிவுடன் எழுத முடிந்தமைக்கு அவரது இயல்பு மட்டும் காரணமன்று. சஞ்சிகையின் உரிமையாளரும் அவரே, ஆசிரியரும் அவரே. அவரைப் பதவிநீக்கக்கூடியவர் எவரும் இருக்கவில்லை. 1835 முதல் 1852 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும், 1839 முதல் இறக்கும்வரை மரண விசாரணை அதிகாரியாகவும் அவர் பணியாற்றியமை சஞ்சிகையின் குரலுக்கு மேலும் வலுவூட்டியது. 1851-1854 காலப்பகுதியில் ஆதர் ஹில் ஹசலைக் கொண்டு உணவுக் கலப்படத்தை ஆராய்வித்து, கலப்படம் செய்த வணிகரின் பெயரையும் முகவரியையும் லான்செற் வெளியிட்டது. 1860ஆம் ஆண்டின் உணவுக் கலப்படச் சட்டத்துக்கு வழிவகுத்தவற்றுள் இவ்வாய்வும் ஒன்றாகும்.

1862இல் வேக்லி இறந்தபின் சஞ்சிகை குடும்பச் சொத்தாகவே கைமாறியது. இளைய மகன் ஜேம்ஸ் வேக்லி 1886 வரை ஆசிரியராயிருந்தார். அவருக்குப்பின் மூத்த மகன் தோமஸ் ஹென்றி வேக்லியும் அவருடைய மகன் தோமஸ் வேக்லியும் கூட்டாக அப்பொறுப்பை ஏற்றனர். வைத்தியசாலைப் பதவிகள் உறவுமுறையால் நிரப்பப்படுவதைச் சாடிய சஞ்சிகையின் ஆசிரியபீடமே மூன்று தலைமுறை உறவுமுறையால் நிரப்பப்பட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று எனலாம். ஆயினும் இக்காலத்தைத் தேக்கநிலைக் காலமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. 1865இல் இலண்டன் ஏழைவிடுதிகளின் நோயாளர் பகுதிகளை ஆராய லான்செற் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. நுண்ணுயிர்க் கொல்லிகளைச் சத்திரசிகிச்சையிற் பயன்படுத்துவது பற்றி ஜோசப் லிஸ்ரர் எழுதிய கட்டுரைகள் 1867இல் இதிலேயே வெளிவந்தன.

அவ்வாணைக்குழுவில் பணியாற்றிய ஏர்ணெஸ்ற் ஹாட், பின்னர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையின் ஆசிரியரானார். லான்செற்றிற் பெற்ற பயிற்சி போட்டிச் சஞ்சிகையின் வளர்ச்சிக்கு உரமாயிற்று. அவர் சென்றடைந்த சஞ்சிகை தனியொருவருக்குரியதன்று, மருத்துவர் சங்கமொன்றுக்குரியது. குடும்ப உடைமை, சங்க உடைமை என்னும் இருவகை அமைப்புகள் அக்காலத்திலேயே இலண்டனில் அருகருகே இயங்கின.

1909இல் வேக்லி குடும்பத்தைச் சாராத சாமுவேல் ஸ்குவையர் ஸ்பிரிக் ஆசிரியரானார். தோமஸ் வேக்லியின் வாழ்க்கை வரலாற்றை 1897இலேயே எழுதியவர் அவர். 1921இல் உடைமையும் ஹொடர் அன்ட் ஸ்ரௌட்டன் பதிப்பகத்துக்கு மாறியது. உரிமையாளர் ஒருவர், ஆசிரியர் வேறொருவர் என்ற நிலை இவ்வாறு தோன்றிற்று. 1937இல் எக்பேட் மோர்லன்டும், 1944இல் தியோடர் பொக்ஸும், 1965இல் இயன் டக்ளஸ்-வில்சனும், 1976இல் இயன் மன்றோவும் ஆசிரியராயினர். புதிய ஆசிரியர் அலுவலகத்தின் உள்ளிருந்தே உருவாகும் மரபு இக்காலத்தில் நிலைபெற்றது. முன்னர் குருதியுறவு வழங்கிய தொடர்ச்சியை இப்போது தொழிற்பயிற்சி வழங்கியது. இருபது ஆண்டுகள் ஆசிரியராயிருந்த பொக்ஸ், மருத்துவச் சஞ்சிகை பதிவேடாக மட்டும் அமையாது, மருத்துவரிடையே கருத்துப் பரிமாறும் செய்தித்தாளாகவும் விளங்க வேண்டுமென்ற கொள்கையுடையவர்.

கட்டுரைகளைத் துறைசார்ந்த வெளியறிஞரின் மதிப்பீட்டுக்கு முறையாக அனுப்பும் வழக்கம் லான்செற்றில் 1976இலேயே ஏற்பட்டது. அதுவரை ஆசிரியபீடத்திலிருந்த சிலரின் தீர்ப்பே பெரும்பாலும் இறுதியாயிருந்தது. 1991இல் எல்செவியர் நிறுவனம் சஞ்சிகையை வாங்கியது. 1995இல் ரிச்சட் ஹோட்டன் முப்பத்துமூன்று வயதில் ஆசிரியரானார். அதன்பின் புற்றுநோயியலுக்கென 2000இலும், தொற்றுநோய்களுக்கென 2001இலும், நரம்பியலுக்கென 2002இலும் தனித்தனி லான்செற் சஞ்சிகைகள் தோன்றின. ஒரு வாரச் சஞ்சிகை பல சஞ்சிகைகளின் தாயாயிற்று.

இவ்வளர்ச்சி தவறுகளைத் தடுத்துவிடவில்லை. 1998இல் பன்னிரண்டு சிறுவரை ஆதாரமாகக் கொண்டு, சின்னமுத்து முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை மனவிறுக்க நோயோடு தொடர்புபடுத்திய கட்டுரை வெளிவந்தது. 2004இல் அதன் ஒரு பகுதியும், 2010இல் அது முழுமையாகவும் மீளப்பெறப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்தின் விலையைத் தடுப்பூசி பெறாத பிள்ளைகளே செலுத்தினர். 2020 மே மாதம் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பற்றி வெளிவந்த கட்டுரையோ, தரவுகளின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானதும் இரு வாரங்களுக்குள் மீளப்பெறப்பட்டது. தவறு மீண்டும் நிகழ்ந்தது. திருத்தும் வேகம் மாறியிருந்தது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஆசிரியர் எவருக்குப் பொறுப்புடையவர்? 2005இல், தமது உரிமையாளரான றீட் எல்செவியர் குழுமம் ஆயுதக் கண்காட்சிகளை நடத்துவதை லான்செற் ஆசிரியபீடம் தனது சொந்தப் பக்கங்களிலேயே கண்டித்தது. 2007இல் அக்குழுமம் அவ்வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது, ஆசிரியர் பதவியிழக்கவில்லை. மருத்துவர் சங்கங்களுக்குரிய சஞ்சிகைகளின் அனுபவம் வேறு. 1999 சனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கம் தனது சஞ்சிகையாசிரியர் ஜோர்ஜ் லன்ட்பேர்க்கை நீக்கியது. அதே ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையின் ஜெரோம் கசீரர், சஞ்சிகையின் பெயரை வேறு வெளியீடுகளுக்குப் பயன்படுத்துவது தொடர்பாக மசசூசெற்ஸ் மருத்துவச் சங்கத்தோடு முரண்பட்டுப் பதவியிழந்தார். 2006இல் கனடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையின் ஜோன் ஹோயி நீக்கப்பட்டார்.

வணிக நிறுவனத்தின் உடைமை ஆசிரியரை ஒடுக்கும், தொழிற்சங்கத்தின் உடைமை அவரைக் காக்கும் என்னும் பொதுவான எதிர்பார்ப்பை இந்நிகழ்ச்சிகள் பொய்ப்பிக்கின்றன. இதனால் வணிக நிறுவனமே சிறந்தது என முடிவுகட்டுதலும் பிழையாகும். லான்செற் ஆசிரியர்களைக் காத்ததில் நிறுவனத்தின் பெருந்தன்மையை விட, வேக்லி காலந்தொட்டுச் சஞ்சிகையின் பெயரோடு ஒட்டிவந்த சுதந்திர மரபுக்கே பெரும்பங்கு உண்டு எனக் கருத இடமுண்டு. அம்மரபை அழித்தால், வாங்கிய பொருளின் மதிப்பே குறைந்துவிடும். ஆகவே ஒரு சஞ்சிகையின் வளர்ச்சியைப் பிரதிகளின் தொகையாலும் கிளைச் சஞ்சிகைகளின் எண்ணிக்கையாலும் மட்டும் அளத்தல் போதாது. தன்னை உடைமையாகக் கொண்டோரைத் தன் பக்கங்களிலேயே விமர்சிக்கவும், தன் தவற்றைத் தானே காலந்தாழ்த்தாது திருத்தவும் அதற்கு இயலுமா என்பதே உண்மையான அளவுகோலாகும். லான்செற் முதலாவதில் தேறியிருக்கிறது. இரண்டாவதைப் பெருவிலை கொடுத்தே கற்றிருக்கிறது.