இடுப்புத்தளத் தசைகள் (பெண்கள்)

முன்பக்கப் பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தூளிபோல் விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைகள். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியாமல் காப்பதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. இவற்றின் வலுவை மருத்துவர்கள் விரலால் சோதித்து 0 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள்.

வலு குறைவதற்கு வயதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும்போது இத்தசையின் உட்பகுதி மூன்று மடங்குக்கு மேல் நீள்வதாகக் கணினி மாதிரி ஆய்வு காட்டியது. பலருக்குச் சில மாதங்களில் வலு திரும்பிவிடுகிறது. சிலருக்குத் தசை எலும்போடு ஒட்டிய இடத்திலேயே கிழிகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் தசையும் அதைச் சுற்றிய இணைப்புத் திசுவும் மெலிய, அதுவரை வெளியே தெரியாத பழைய சேதம் தலைகாட்டும். பிள்ளை பெறாத விளையாட்டு வீராங்கனைகளுக்கும் கசிவு வருவதுண்டு.

கருப்பை கீழே சரிவதை மக்கள் 'அடி இறங்குதல்' என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களின் இந்த அனுபவத்தைப் பற்றி டி. கே. சுந்தரி ரவீந்திரன் உள்ளிட்டோர் செய்த ஆய்வு 1999இல் வெளியானது.

சேலம், நாமக்கல் சமவெளியில் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் நின்றும் குனிந்தும் சுமந்தும் செய்வது: திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், ஆத்தூர்ப் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காடுகள். தீவன மூட்டையோ தண்ணீர்க் குடமோ மூச்சை அடக்கித் தூக்கும்போது வயிற்றின் அழுத்தமெல்லாம் இத்தசைகள்மேல் இறங்குகிறது. பச்சை உடம்புக்காரி பாரம் தூக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதில் மருத்துவ நியாயம் இருக்கிறது. கூலி போய்விடுமே என்று அதை மீறும்படி ஆவதுதான் கொடுமை. கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் மலச்சிக்கல் கூடும். முக்கி முக்கித் தசை இன்னும் தளரும்.

அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இத்தசைகளுக்கான பயிற்சியை வெளியிட்டார். சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல் தசையை மேலிழுத்து, சில நொடிகள் நிறுத்தி, முழுவதும் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். கருப்பை வெளியே தெரியும் அளவு இறங்கியிருந்தால் பயிற்சி மட்டும் போதாது. வளையம் பொருத்துவதோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படலாம்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கூச்சத்தை விட்டு மகளிர் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அறுபது வயதுக்குப் பின் பயிற்சியைத் தொடங்கினாலும் இத்தசைகள் வலுப்பெறும்.